நூற்றிருபது நம்பர் அட்டை

ஸ்டெல்லா கேட்டதால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நீட்டி எழுத வராது.

ஆரணியில் எஸ்தரம்மா கடையில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்தேன். ஸ்டெல்லா அவருடைய மருமகள். இப்போது கடையை நடத்துவது அவர்தான். என் காலத்தில் தறிக்கு ஜக்கார்டு அட்டை குத்தினோம். இப்போது சேலைக்கு அட்டைப்பெட்டி செய்கிறார்கள். தறிகளுக்கு எலக்ட்ரானிக் பெட்டி வந்துவிட்டது. டிசைன் பென்டிரைவில் போகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அட்டை குத்தியே என் வலது தோள் இறங்கிவிட்டது. இனி யாருக்கும் இறங்க வேண்டாம்.

போன மாதம் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தார். கடையில் புதிதாக நாலு பெண்கள் சேர்ந்திருக்கிறார்களாம். அட்டை விற்கிறவர்களில் ஒருவர் அவுன்ஸ் சொல்கிறார். ஒருவர் நம்பர் சொல்கிறார். ஒருவர் ஜி.எஸ்.எம்., இன்னொருவர் மைக்ரான். எது எதற்குச் சமம் என்று தெரியாமல் அந்தப் பெண்கள் விழிக்கிறார்கள்.

"நீங்க வாய்ல சொன்னா அன்னிக்கே மறந்துடுதுங்க. ஒரு நோட்டுல எழுதிக் குடுங்கண்ணா," என்றார்.

போகும்போது பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"புது மெஷினுக்கு இடம் பண்றதுக்குப் பரணைக் காலி பண்ணோம். கோணில சுத்தி ஒரு செட்டு இருந்திச்சி. மொத அட்டைல அறுபத்தஞ்சுன்னு உங்க கையெழுத்து. நம்ம தடிப்பு பார்க்கிற மெஷின்ல வெச்சா நூறு அட்டைக்கு அம்பத்தி நாலுதான் கணக்கு வருது. மெஷின் ரிப்பேராண்ணா?"

"மெஷின் சரியாத்தாம்மா கீது," என்றேன்.

அவர் நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார்.

முதலில் அவர் கேட்டதை எழுதிவிடுகிறேன்.

அவுன்ஸ் பழைய கணக்கு. எவ்வளவு பெரிய துண்டை நிறுத்து அவுன்ஸ் சொன்னார்கள் என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. இப்போது அது வெறும் பெயர். ஒரு கடையின் பதினாறு அவுன்சும் பக்கத்துக் கடையின் பதினாறு அவுன்சும் ஒன்றாக இருக்காது. அவுன்ஸ் ஏறினால் அட்டை தடிக்கும். அதுவரை நம்பலாம்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். ஜரிகை நிறுக்கும் தராசில் வையுங்கள். வந்த கிராமை நூறால் பெருக்குங்கள். மூன்றரை கிராம் வந்தால் முன்னூற்றைம்பது ஜி.எஸ்.எம். பில்லில் போட்டிருப்பது வரவில்லை என்றால் அட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் ஜி.எஸ்.எம். எடைதான். தடிப்பு இல்லை. ஒரே மாவை இட்லியாகவும் ஊற்றலாம், தோசையாகவும் ஊற்றலாம். எடை ஒன்று, உயரம் வேறு. அதுபோல ஒரே ஜி.எஸ்.எம்.மில் ஒரு அட்டை இறுகிச் சன்னமாக இருக்கும். ஒரு அட்டை ஊதித் தடியாக இருக்கும். பெட்டி மேல் பெட்டி அடுக்கினால் ஊதினது அமுங்கிவிடும். எடையும் பாருங்கள், தடிப்பும் பாருங்கள்.

மைக்ரான் தடிப்பு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. மெஷின் இல்லாவிட்டால் நூறு அட்டையை அடுக்கி ஸ்கேலில் அளந்து பாருங்கள். அறுபது மில்லிமீட்டர் வந்தால் ஒரு அட்டை அறுநூறு மைக்ரான்.

நம்பர் என்பது கட்டுக் கணக்கு. ஒரு கட்டின் எடை மாறாது. அந்த எடைக்கு எத்தனை தாள் பிடிக்கிறதோ அதுதான் நம்பர். நூறு நம்பர் என்றால் கட்டில் நூறு தாள். நூற்றிருபது நம்பர் என்றால் அதே எடையில் நூற்றிருபது தாள். ஆகவே நம்பர் ஏற ஏற அட்டை சன்னம்.

இதை இரண்டு தரம் படியுங்கள். நான் தவறினது இங்கேதான்.

எஸ்தரம்மாவிடம் வருவதற்கு முன்னால் நான் பட்டு முறுக்கும் இடத்தில் ஏழு வருஷம் இருந்தேன். பட்டுக்குக் கணக்கு டெனியர். டெனியர் ஏறினால் நூல் தடிக்கும். எங்கள் ஊரில் நம்பர் என்று சொன்னாலே எல்லோருக்கும் மனசு அப்படித்தான் போகும். பருத்தி நெய்கிற ஊரில் பிறந்திருந்தால் நான் தவறியிருக்க மாட்டேன். அங்கே நம்பர் ஏறினால் நூல் சன்னம். எனக்குப் பருத்தி தெரியாது.

கடையில் முதல் மூன்று வருஷம் துளை எண்ணக் கற்றேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எஸ்தரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குள்ளமான அம்மா. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. குத்தின அட்டையில் தப்பு இருந்தால் அதை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஒருமுறை நான் தேடித் தேடிக் கிடைக்காமல், "நாலு திட்டு திட்டிடுங்கம்மா, ஜல்தி முடிஞ்சிடும்," என்றேன். சிரித்தார். சொல்லவில்லை. சாயந்திரம் நானே கண்டுபிடித்தேன். ஒரு துளை இடம் மாறியிருந்தது.

அட்டை வாங்க அவரே வேலூருக்கு பஸ்ஸில் போவார். எப்போதும் நூறு நம்பர்தான். வந்ததும் அளப்பார். அதற்கு ஒரு முறை இருந்தது. நூறு அட்டையை எண்ணி அடுக்க வேண்டும். மேலே பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். போய் டீ குடித்துவிட்டு வர வேண்டும். அதற்குள் காற்று இறங்கிவிடும். பிறகு எஃகு ஸ்கேலை நாலு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூலை குறைச்சலோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அறுபது மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த அட்டை தறிக்கு ஆகாது. எங்களுக்கு அறுபத்தைந்து வரும்.

செட்டு குத்தி முடித்ததும் அதன் முதல் அட்டையில் நீலப் பென்சிலால் டிசைன் பெயர், மொத்த அட்டை, இந்த எண், அளந்தவர் எழுத்து. நான்கும் இருந்தால்தான் செட்டு வெளியே போகும்.

அவர் எங்களிடம் தினமும் கேட்டது ஒரே கேள்வி. "ஸ்கேல் வெச்சியா?"

அந்த அட்டை தறியில் என்ன செய்கிறது என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் வரிசையாக ஊசி. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அட்டை போய் ஊசிகள் மேல் மோதும். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அந்த இழை எழும்பும். துளை இல்லாவிட்டால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், இழை எழும்பாது. அட்டை சன்னமாக இருந்தால் தள்ளுகிற இடத்தில் குழிந்து கொடுக்கும். ஊசி பாதிதான் நகரும். எழும்பக் கூடாத இழை எழும்பிவிடும். ஜரிகை மறைய வேண்டிய இடத்தில் தெரியும், தெரிய வேண்டிய இடத்தில் மறையும். மழை நாளில் அட்டை இன்னும் இளகும். வெயில் வந்தால் விறைக்கும். தப்பு ஒரே இடத்திலும் வராது, தினமும் வராது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசியில், எஸ்தரம்மாவின் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கூடவே போய்விட்டார். கடையை என்னிடம் விட்டார்.

அந்த வாரம் சேகர் மொதலாளி வந்தார். முள்ளிப்பட்டில் இருபது வீட்டுத் தறிக்குப் பட்டு கொடுத்து நெய்ய வைக்கிறவர். தை முகூர்த்தத்துக்கு அன்னப் பார்டர் டிசைன். நானூறு அட்டை. நெய்யப் போவது முனுசாமி.

முனுசாமி என்றால் முள்ளிப்பட்டில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தெட்டு வயது இருக்கும். அவர் நெய்த பார்டரில் அன்னம் நடக்கும் என்பார்கள். கஷ்டமான டிசைன் எது வந்தாலும் சேகர் அவரிடம்தான் போவார். முனுசாமி பீடி பிடித்துக்கொண்டே, "எனுக்கு வேற வேல இல்லன்னு நெனச்சிகினியா மொதலாளி?" என்று கேட்பார். பிறகு நெய்வார்.

கடையில் அட்டை தீர்ந்திருந்தது. நான் வேலூருக்குப் போனேன். விடாத மழை. அட்டைக் கடைக்காரர் சொன்னார், "நூறு இல்லப்பா. எம்பது கீது, நூத்திருவது கீது. எது போடட்டும்?"

தடிப்பு எது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எஸ்தரம்மா கடை ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரே என்று கேட்கவில்லை. நூற்றிருபதுதான் தடி, தடியாக இருந்தால் ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டேன்.

"நூத்திருவது போடு."

"நூத்திருவதா? இன்னாத்துக்கு?"

"ஜக்கார்டுக்கு."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "சரி. உங்க ஊரு கணக்கு உங்குளுக்கு."

ஒரு தாளை உருவி விரலில் பிடித்துப் பார்த்தேன். மழை ஈரத்தில் ஊதியிருந்தது. தடியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் கடையில் கட்டைப் பிரித்து, மின்விசிறிக்குக் கீழே பரப்பிக் காயவைத்து வெட்டினேன். குத்தும்போதே தெரிந்தது. நூறு நம்பரில் உளி இறங்கினால் ஒரு சத்தம் வரும். இதில் அந்தச் சத்தம் இல்லை. விரலுக்கும் தெரிந்தது. அட்டை சன்னம்.

திரும்ப வேலூர் போய் மாற்ற ஒரு நாள் ஆகும். சேகரோ தினமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தினி நாள் ஓட்டுவ? பெரிய பேஜாரா கீதே உன்னோட," என்று அந்த ஆள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் குத்திக்கொண்டே போனேன். நானூறும் முடிந்தது.

நூறு அட்டையை அடுக்கினேன். இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்தேன். ஸ்கேலைக் கையில் எடுத்தேன். அளந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் செட்டை வெளியே அனுப்ப முடியாது. ஸ்கேலை வைக்கவில்லை. முதல் அட்டையில் அறுபத்தைந்து என்று எழுதினேன். என் எழுத்தைப் போட்டேன்.

இரண்டு சேலை நன்றாக வந்தது. மூன்றாவதில் அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி. பிறகு வாலில். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. முனுசாமி தறியை இறக்கிப் பார்த்தார். ஊசியைத் துடைத்தார். கயிறு மாற்றினார். நான்காவது சேலையில் ஒரு அன்னத்துக்கு மூக்கே இல்லை. இரண்டும் கல்யாணச் சேலை. இரண்டும் போச்சு.

சேகர் கெட்டவர் இல்லை. முதலில் அட்டையைத்தான் பார்க்கச் சொன்னார். அவரும் முனுசாமியும் செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். எஸ்தரம்மா மெட்ராஸிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தூக்கமில்லாமல் முகம் வீங்கியிருந்தது. நான் குத்தும் மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.

"எஸ்தரக்கா, அட்டைல எதுனா கோளாறா பாருங்க," என்றார் சேகர். "முனுசாமி அட்டைமேலதான் சந்தேகம்ன்றான்."

"நான் சந்தேகம்னு சொல்லல," என்றார் முனுசாமி. "பார்த்துட்டா நல்லதுன்னேன்."

அம்மா முதல் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாலு வரியையும் படித்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏழுமலை, ஸ்கேல் வெச்சியா?"

"வெச்சேம்மா."

அவர் செட்டை முனுசாமியிடம் திருப்பினார். "அட்டை சரியா இருக்குதுங்க."

அவ்வளவுதான். எஸ்தரம்மா சரி என்று சொன்னால் ஆரணியில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. முனுசாமியே தலையை ஆட்டினார்.

"அம்மா சொன்னா சரிதான். அப்போ என் கண்ணுதான்."

"கண்ணா?" என்றார் சேகர்.

"காலைல என் பொஞ்சாதி அளகாத் தெரிஞ்சா மொதலாளி. அப்பவே எனுக்கு டவுட்டு வந்திச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தார். நான் மெஷினை மிதித்தேன். அதில் அட்டை இல்லை.

சேகர் அந்த டிசைனையும் ஜக்கார்டு தறியையும் அவரிடமிருந்து எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்தார். தறியைக் கழற்றி அங்கே பூட்டிப் பாவு ஏற்ற ஒரு மாதம் பிடித்தது. முனுசாமிக்கு டிசைன் இல்லாத சாதாத் தறி தருகிறேன் என்றார். முனுசாமி வேண்டாம் என்றார். சேத்துப்பட்டில் கண் முகாம் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தார். கோளாறு இல்லை, நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான் என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஜரிகையைத் தொட்டாலே கை நின்றுவிடுகிறது என்று கேள்விப்பட்டேன்.

இதற்குள் எஸ்தரம்மா மூலையில் மீந்திருந்த கட்டைப் பார்த்துவிட்டார். "இது இன்னா சன்னமா கீது?" என்றார். "சேலைப் பெட்டிக்கு ஆவும்னு வாங்கினேம்மா," என்றேன். அது இரண்டாவது பொய். நாலு நாள் கழித்து அவரே வேலூர் போய் நூறு நம்பர் வாங்கி வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. சந்தேகப்பட்டு அல்ல. அட்டை வாங்குவது அவர் வேலை.

அந்த நூறு நம்பரில், நாலு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சர்ச்சுக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கடையைத் திறந்து, அன்னப் பார்டர் செட்டை மறுபடி குத்தினேன். இந்தத் தடவை ஸ்கேல் வைத்தேன். அறுபத்தைந்து வந்தது. சேகரிடம் எடுத்துப் போனேன்.

"அந்த செட்டு மழைல ஊதிப்போச்சி மொதலாளி. இத்த போட்டுக்குங்க."

"அம்மா குடுத்தாங்களா?"

"ஆமா."

அது மூன்றாவது. வாங்கி வந்த பழைய செட்டில் அன்றைக்குத்தான் ஸ்கேல் வைத்தேன், ஐம்பத்து நான்கு. கோணியில் சுற்றிப் பரணில் போட்டேன். எரிக்க மனசு வரவில்லை.

நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். புது ஆள் அந்தத் தறியில் ஒரு புள்ளி இல்லாமல் நெய்தான். நாலு சேலை. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், "அதே டிசைனு, அதே தறி. பார்த்தியா? முனுசாமிக்குக் கண்ணு போச்சி." ஊருக்கு அது சாட்சி ஆகிவிட்டது. அதை நானே குத்திக் கொடுத்தேன்.

அப்போதுதான் முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

முனுசாமியின் வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. நெய்துகொண்டிருந்தது அவர் மனைவி கன்னியம்மா. சேகர் தருகிறேன் என்ற சாதாத் தறி. முனுசாமி கீழே உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தார் என்பது சின்னக் குச்சி. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் போடும் ஊடை நூலை அதில் சுற்றித் தர வேண்டும். வயசானவர்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை.

"வா ஏழுமல, குந்து. கண்ணாடி எப்பிடி கீது? கலெக்டர் மாரி கீறனா?"

நான் உட்காரவில்லை. "ணா, உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. அட்டைதான் சன்னம். நான்தான் தப்பா வாங்கிட்டேன். அளக்காமயே எழுதிட்டேன்."

ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. "எஸ்தரம்மா பார்த்தாங்களே."

"அம்மாவுக்குத் தெரியாது."

"எவ்ளோ சன்னம்?"

"நூறு அட்டைக்கு அறுபத்தஞ்சு மில்லி வரணும். அது அம்பத்தி நாலுதான்."

"ஒரு அட்டைக்குச் சொல்லு."

"ஒரு முடி தடிப்பு கம்மி."

அவர் சிரித்தார். "ஒரு முடிக்கா என் தறி போச்சின்ற? அதுவும் சன்னமாப் போயி? சன்னம்னா ஒசத்திதானடா நம்ம ஊர்ல?"

பட்டில் சன்னம் உயர்த்திதான். என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்த எண். அவரிடம் அது செல்லவில்லை.

தறியிலிருந்து கன்னியம்மா சொன்னார், "அவரு மனசு ஆறட்டும்னு சொல்ற. நல்லாரு தம்பி."

"இல்லண்ணி. நெசம்."

"நேத்து இவ ஊசில நூல் கோக்கச் சொன்னா," என்றார் முனுசாமி. "ஒம்போது தபா குத்தனேன். போவல. அதுக்கும் உன் அட்டைதான் காரணமா? அதே அட்டைல இப்போ அவன் நெய்யிறான் பாரு, பிசுறு இல்லாம."

"அதே அட்டை இல்லணா. மாத்திட்டேன். வேற குத்திக் குடுத்துட்டேன்."

ராட்டை நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்த சேகர் மொதலாளிகிட்ட வந்து சொல்லுவியா?"

சொன்னால் எஸ்தரம்மாவின் வாக்கு போகும். வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார், கடையை நம்பித்தான் வீடு. இதெல்லாம் என் மனசில் ஓடியது. உண்மைதான். ஆனால் முதலில் ஓடியது இது இல்லை. என் வேலை போகும். வீட்டில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதுதான் முதலில் ஓடியது.

நான் வாய் திறக்கவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ராட்டையைச் சுற்றினார்.

"அதான் பார்த்தேன். சும்மா சொல்ற," என்றார். பிறகு, "டீ குடிச்சிட்டுப் போ," என்றார்.

கன்னியம்மா டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அவர் மறுபடி டிசைன் நெய்யவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் தார் சுற்றினார். வழியில் பார்த்தால், "இன்னா ஏழுமல, அட்டை தடியா கீதா?" என்று கேட்பார். கேலிதான். அவருக்குக் கோபம் இல்லை. நம்பியிருந்தால்தானே கோபம் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். சாவுக்குப் போயிருந்தேன். "என்னா கை அது. கண்ணுதான் பாவம், சீக்கிரம் உட்டுட்சி," என்று பேசிக்கொண்டார்கள். நான் அங்கேயும் சும்மா நின்றேன்.

ஸ்டெல்லா அந்த அட்டையைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் எஸ்தரம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம். உருவம் தெரியும், எழுத்து தெரியாது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு, ஏழுமலையா? செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சிது."

நான் அட்டையை அவர் கையில் வைத்தேன். என்ன என்று சொல்லவில்லை. அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். ஓரத்தை ஒருமுறை உருட்டினார். லேசாக வளைத்துப் பார்த்தார்.

"இது நம்ம அட்டை இல்லியே. அம்பத்தஞ்சுகூட வராது. எங்கேருந்து எடுத்துகினு வந்த?"

எல்லாவற்றையும் சொன்னேன். வேலூரில் ஆரம்பித்து முள்ளிப்பட்டு டீ வரைக்கும். அம்மா அட்டையை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு என் கையிலதான இருந்திச்சி இது," என்றார்.

"ஆமாம்மா."

"எழுத்தப் படிச்சிட்டுக் குடுத்துட்டேன். தொட்டுப் பார்க்கல."

"நான் வெச்சேன்னு சொன்னேனம்மா."

"நீ சொன்ன. சரின்னு சொன்னது நானு." பிறகு, "முனுசாமி இருக்கானா?" என்றார்.

"இல்லம்மா. போயி மூணு வருசம் ஆச்சி."

"கன்னியம்மா?"

"இருக்காங்க."

அட்டையை என்னிடம் நீட்டினார். அதைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. என் கை எங்கே என்று தேடி, அதில் வைத்து அழுத்தினார்.

"ஸ்டெல்லா எதோ எழுதச் சொன்னாளாமே. இதையும் சேர்த்து எழுது. பேரு போட்டு எழுது, என் பேரும் போடு. எழுதி முடிச்சி மொதல்ல கன்னியம்மாகிட்ட எடுத்துகினு போயி படி. அப்புறம் சேகர் கிட்ட. அப்புறம் கடையில குடு."

"சரிம்மா."

"ஏழுமலை. ஸ்கேல் வெச்சிட்டு எழுது."

நேற்று கடைக்குப் போனேன். அந்த செட்டில் நூறு அட்டையை எண்ணி அடுக்கினேன். இஸ்திரிப் பெட்டி இன்னும் இருக்கிறது. மேலே வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்தேன். நாலு மூலையிலும் ஸ்கேல் வைத்தேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து, ஐம்பத்து நான்கு. முதல் அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டு நீலப் பென்சிலால் இதை எழுதினேன்.

அன்னப் பார்டர். நானூறு அட்டை. நூற்றிருபது நம்பர், ஐம்பத்து நான்கு. அட்டை சன்னம். அளந்தது ஏழுமலை.

முள்ளிப்பட்டு முனுசாமியின் கண்ணில் குறை இருக்கவில்லை.